சன்னல் வைத்த உறை

கௌனஸில் பிப்ரவரி.
நேமுனாஸ் ஆற்றின் மேல்தோல் உறைந்திருக்கிறது;
அடியில் தண்ணீர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
கரையோரம் எங்கள் தொழிற்சாலை.
உறை செய்கிறோம். வெறும் காகித உறை:
மின்கட்டணத்துக்கு, வங்கிக் கணக்குக்கு,
நீதிமன்ற அழைப்பாணைக்கு,
யாரும் ஆசையாய்ப் பிரிக்காத சங்கதிகளுக்கு.
நெற்றியில் ஒரு சன்னல்,
அதில் பெயர் தெரியும்.

நான் கீத்ரே. பலகையில் எண் எழுதுகிறவள்.
நிமிடத்துக்கு எத்தனை, கழிவு எத்தனை,
இயந்திரம் நின்ற நேரம் எத்தனை.
பச்சை, மஞ்சள், சிவப்பு, மூன்று பேனா.
பதினோரு வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான்
பலகை முழுக்கப் பச்சை.
நிமிடத்துக்கு அறுநூற்று நாற்பது,
கழிவு நூற்றுக்கு அரை.
முதலாளி ஆவ்ட்ரோனே எல்லோருக்கும் கேக் வாங்கினார்.
அந்த மாதக் கடைசியில்தான்
வங்கி எழுதியது, மின்னஞ்சலில்:
இனி எங்களுக்கு உறை வேண்டாம்.

கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன்.
கூரை தொட அடுக்கியிருந்தது எங்கள் சாதனை.
அத்தனை சன்னலிலும் ஆளில்லை.

அதன்பிறகும் ஆறு மாதம்
நான் பொய் எழுதினேன் என்று யாரும் சொல்ல முடியாது.
அளந்ததைத்தான் எழுதினேன்,
மழை வருமா என்று கேட்பவரிடம்
குடையின் நீளத்தைச் சொல்வதுபோல.

ஏப்ரலில் ஒருத்தி வந்தாள்,
சேறு காயாத ரப்பர் பூட்ஸோடு. ரமுனே.
விதை விற்பவள்.
"இந்தச் சன்னலில் பெயருக்குப் பதில்
பட்டாணி தெரிந்தால் என்ன?"
யாரும் உடனே பதில் சொல்லவில்லை.
எய்மன்டாஸ், பேச்சைவிட ஸ்பானரை நம்புகிற மெக்கானிக்,
அன்றிரவே மூன்றாம் நம்பரைக் கழற்றிப் போட்டார்.
நான் எழுதினேன்:
நின்ற நேரம் ஒன்பது மணி. சிவப்பு.

நாலாயிரம் அனுப்பினோம்.
மூன்றாம் வாரம் நாலாயிரமும் திரும்பி வந்தன.
பசையின் ஈரத்தைக் குடித்து
ஒவ்வொரு உறைக்குள்ளும் பட்டாணி முளைவிட்டிருந்தது.
வெள்ளை வேர் சன்னலில் முட்டி, வளைந்து,
முகவரி மறந்த ஒருவரின் கையெழுத்துபோல்.

கழிவு: நாலாயிரம்.
எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் நின்றேன்.
எய்மன்டாஸ் ஒரு முளையை வாயில் போட்டு மென்றார்.
"பசை வாடை," என்றார். "ஆனால் இனிக்கிறது."

ஆவ்ட்ரோனேயோடு அன்று பெரிய வாக்குவாதம்.
கடன் கொடுத்தவர்களிடம்
தோல்வியின் பட்டியலை எப்படிக் காட்டுவது?
"தோற்பது ஒருமுறை.
அதையும் அளந்தால் தினமும் தோற்க வேண்டுமே."
அந்தக் கேக் என்ன சுவை என்று கேட்டேன்.
அவர் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது நிமிடக் கணக்கு பலகையின் ஓரத்தில், சின்ன எழுத்தில்.
நடுவில் வேறு கேள்விகள்.
கேட்டவருக்கு முதல் மாதிரி போய்ச்சேர எத்தனை நாள்?
வாங்கியவர் மறுபடி வந்தாரா?
இந்த மாதம் எதையாவது புதிதாய்ப் பாழாக்கினோமா?
கடைசிக் கட்டத்தில் சுழி விழுந்தால்
அதற்குத்தான் சிவப்பு.

எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள்.
விதைக்கு ஒரு பருவம்தான்;
ஜூனில் ரமுனே தொலைபேசியை எடுப்பதில்லை.
இரண்டு பேரை வேலையிலிருந்து அனுப்பினோம்.
ஒருத்தி, தன் கேக்கில் பாதியை எனக்குத் தந்தவள்.
அவளுக்குப் பலகையில் கட்டமே இல்லை.
இருந்தாலும் எந்தப் பேனாவை எடுப்பேன்?

நேற்று ரீகாவிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் கேட்டார்:
காலை மாத்திரைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று,
விளக்கில்லாமல் விரலுக்கே வித்தியாசம் தெரிகிற மாதிரி
உறை முடியுமா என்று.
எய்மன்டாஸ் கண்ணை மூடிக்கொண்டு
காகிதத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார்.
மூன்றாம் நம்பர் நிற்கிறது.
மணி பார்க்கிறேன்.
பேனாவின் மூடியைத் திறக்கவில்லை.